பச்சைக்குப் பதில் மஞ்சள்

பெங் ருய்லானை ஊரே 'குவாய்' என்று சொல்லி வளர்த்தது. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை என்று அர்த்தம். அழாமல் ஊசி போட்டுக்கொண்டால் குவாய். விருந்தாளி முன்னால் வாயைத் திறக்காமல் இருந்தால் குவாய். தைவானில் ஷின்பூ ஊரில் அவர்கள் வீட்டு முற்றத்தில் பெர்சிமன் பழங்களைத் தோல் சீவி, மூங்கில் தட்டுகளில் பரப்பி, ஒன்பதாம் மாதக் காற்றில் உலர்த்துவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அத்தனை பழத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டால் ரொம்பவும் குவாய். அவள் அண்ணன் ஒரு பழத்தைக்கூடத் திருப்பியதில்லை. அவனை யாரும் குவாய் என்று சொன்னதும் இல்லை, கெட்டிக்காரன் என்றார்கள்.

அந்தச் சொல்லிலிருந்து தப்பிக்கத்தான் அவள் மின்னணுப் பொறியியல் படிக்கப் போனாள் என்று எழுதினால் அழகாக இருக்கும். நடந்தது அப்படி இல்லை. வாத்தியார் படிக்கச் சொன்னார், படித்தாள். படிக்கப் படிக்கப் பிடித்துப்போயிற்று. ஜோங்லியில் பட்டம் வாங்கி, லின்கோ மேட்டில் ஒரு சர்வர் தொழிற்சாலையில் சேர்ந்தவள், நாற்பத்தாறு வயதிலும் அங்கேயேதான் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த விஷயத்தில் மட்டும் அவள் குவாய் இல்லை என்று அவள் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

உலகத்தின் சம்பளக் கணக்கு, காதல் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, வாய்ச்சண்டை எல்லாம் எங்கோ ஒரு குளிரூட்டிய கூடத்தில் அடுக்கடுக்காக நிற்கும் சர்வர் என்ற இரும்புப் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. பெட்டிகளை அடுக்கிய அலமாரிக்கு ரேக் என்று பெயர். லின்கோவில் ஆட்கள் பெட்டிகளை ரேக்கில் தள்ளித் திருகாணி முறுக்கி, விசிறிகளின் கம்பிகளைச் சொருகி, கேபிள்களைச் சீப்பால் வாரியதுபோல் ஒழுங்குபடுத்தி அனுப்புவார்கள். அதற்குப் பிறகுதான் ருய்லானின் வேலை. இரும்புக்குப் பழக்கவழக்கம் கற்றுக்கொடுப்பது என்று அவளே அதைச் சொல்வாள்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தூங்காத சிப் ஒன்று உண்டு. பெட்டியை அணைத்து வைத்திருந்தாலும் அது விழித்திருக்கும். எங்கே சூடு, எங்கே மின்சாரம் குறைகிறது, விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. தொழிற்சாலையில் அதைக் காவல்காரன் என்பார்கள். காவல்காரன் என்ன பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குள் எழுதி வைக்கிற ஆணைகள்தான் ஃபர்ம்வேர். ருய்லானும் அவள் குழுவும் அதை எழுதினார்கள், சோதித்தார்கள், ஒவ்வொரு ரேக்கிலும் ஏற்றினார்கள். ஏற்றிய பிறகு ரேக்குகளைச் சூட்டறைக்குள் தள்ளி, வியர்க்க வியர்க்க ஓடவிட்டு, தாங்கினால் லாரி ஏற்றுவார்கள்.

லாரி ஏறுவதற்கு முன்னால் இன்னொரு சடங்கும் உண்டு. ஒவ்வொரு ரேக்கின் கதவிலும் ஒரு பொட்டலம் சோளப்பொரியைக் கட்டித் தொங்கவிட வேண்டும். பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் அதே சொல் அச்சடித்திருக்கும்: குவாய், குவாய். சொன்ன பேச்சைக் கேள், சொன்ன பேச்சைக் கேள். இதைக் கட்டினால் இயந்திரம் முரண்டு பிடிக்காது என்று தைவான் முழுக்க ஒரு நம்பிக்கை. வங்கியில், ரயில் நிலையத்தில், டோல்கேட்டில் எங்கே பார்த்தாலும் கணினிக்கு மேல் அது உட்கார்ந்திருக்கும். பச்சைப் பொட்டலம் மட்டும்தான் செல்லும். விளக்கு பச்சையாக எரிந்தால் இயந்திரம் நலம், மஞ்சளாக எரிந்தால் கோளாறு என்பதால், மஞ்சள் பொட்டலம் கூடவே கூடாது. தேதி தாண்டியதும் ஆகாது. காவலில் இருக்கிற பொட்டலத்தைப் பிரித்துத் தின்பது மகா பாவம்.

இது போதாதென்று மாதத்தில் இரண்டு நாள், பிறையின் இரண்டாம் நாளும் பதினாறாம் நாளும், தொழிற்சாலை வாசலில் மேசை போட்டு மண்தெய்வத்துக்குப் படையல். நூடுல்ஸ் பெட்டி, சோடா, வாழைப்பழம் நீங்கலான பழங்கள் (வாழை பேயைக் கூப்பிடுமாம்), காகிதக் காசு எரிக்கிற தகர வாளி. இயக்குநர் காவ் ஷிமிங் வரிசையின் முன்னால் நின்று ஊதுபத்தியை நெற்றிக்கு உயர்த்துவார். நொடிக்குக் கோடானுகோடி கணக்குப் போடும் பெட்டிகளைச் செய்கிற கைகள்தான் அந்தப் பத்தியைப் பிடித்திருந்தன. ருய்லானும் பிடித்தாள். அவளுக்கு இதில் எதிலும் துளி நம்பிக்கை கிடையாது. யாருக்குத்தான் இருந்தது? காவிடம் கேட்டிருந்தால், "சும்மா ஒரு மனத்திருப்திக்குப்பா" என்று சிரித்திருப்பார். யாரும் நம்பாத ஒன்றை எல்லோரும் சேர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். நம்புகிறவனோடாவது வாதாடலாம்.

அந்த வருஷத்துப் பெரிய ஆர்டர் அமெரிக்காவில் ஒரு வாடிக்கையாளருக்கு. ரேக்குகள் வரிசையில் வந்துகொண்டிருக்கும்போது ருய்லான் ஒரு குறையைக் கண்டுபிடித்தாள். பெட்டியின் பின்பக்கம் மின்பலகை அருகே சூட்டை அளக்கிற ஓர் உணரி (சென்சார்) இருந்தது. காவல்காரன் நிமிஷத்துக்குப் பலமுறை அதனிடம் 'எவ்வளவு சூடு' என்று கேட்கும். ஒரே கம்பியில் பல சிப்புகளும் பேசுவதால் சில சமயம் பதில் வராது. பதில் வராவிட்டால் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும்படி பழைய ஃபர்ம்வேரில் எழுதியிருந்தது. பூஜ்யம் என்றால் குளிர்ச்சி. குளிர்ச்சி என்றால் விசிறி ஓய்வெடுக்கலாம். அதாவது, சூட்டில் உணரி செத்துப்போனால், காவல்காரன் 'ஆகா, என்ன குளிர்ச்சி' என்று விசிறியை மெதுவாக்கிவிடும். முதன்மைச் சிப்புகள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளும். பின்பக்க மின்பலகைக்கு விசிறியை விட்டால் நாதி இல்லை.

அவள் அதை மாற்றி எழுதினாள். பதில் வராவிட்டால் விசிறி முழு வேகத்தில் சுற்றட்டும். கண் தெரியாதபோது ஆபத்து இருப்பதாகவே நினைத்துக்கொள். பச்சைக் குழந்தைக்கும் புரிகிற விதி.

ஆனால் விசிறி முழு வேகத்தில் சுற்றினால் மின்சாரம் கூடுதலாகத் தின்னும். ஒரு ரேக் இவ்வளவுதான் தின்னலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு எல்லை இருந்தது. புதிய ஃபர்ம்வேரோடு ஓடிய ரேக்குகள், உணரி பதில் சொல்லத் தவறும்போதெல்லாம் உறுமி எழுந்து அந்த எல்லையைத் தாண்டின. வாடிக்கையாளர் வாங்கிக்கொள்வதற்கான ஏற்புச் சோதனையில் விழுந்தன.

காவ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் அவளுக்கு ஒரு வருஷம் சீனியர், ஒரே கல்லூரி. எல்லை கொஞ்சம் தளர்ந்தால் போதும், வாடிக்கையாளரிடம் கேட்கலாம் என்றாள். கேட்டால் ஏன் என்பார்கள், ஏன் என்றால் குறையைச் சொல்ல வேண்டும், சொன்னால் ஏற்கெனவே போன ரேக்குகளைப் பற்றிக் கேட்பார்கள் என்றார் அவர். இந்த ஆர்டருக்கு மட்டும் பழையதை ஏற்று, அடுத்ததில் பார்த்துக்கொள்வோம்.

"எழுத்துல குடுங்க காவ் சார்."

"என்ன ருய்லான், இத்தனை வருஷப் பழக்கத்துல எழுத்தா? கொஞ்சம் குவாயா இரேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவள் இருக்கைக்குத் திரும்பி, கட்டளையைத் தட்டி, வரிசையில் நின்ற ரேக்குகள் எல்லாவற்றிலும் பழைய ஃபர்ம்வேரைத் திருப்பி ஏற்றினாள். ஒரு பொத்தான். அத்தனை காவல்காரர்களும் ஒரே நேரத்தில் கண்ணை மூடித் திறந்து, கற்றதை மறந்தார்கள். உறுமல் நின்றது. கூடம் அமைதியானது. எல்லோருக்கும் நிம்மதி.

அந்த ஆர்டரின் கடைசி ரேக்கில் வேலை பார்த்தவள் ஹுவே. வியட்நாமின் வின்லோங் பக்கத்தவள், வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. தாவ்யுவானில் ஒரு துண்டு நெய்கிற ஆலையில் வேலை பார்த்து, அது மூடியதும், வெளிநாட்டு ஆட்களை வேலைக்குக் கொண்டுவரும் தரகர் அவளை இங்கே மாற்றி விட்டிருந்தார். வந்து அதிக காலம் ஆகவில்லை. கை சுத்தமான வேலைக்காரி. விசிறிக் கம்பிகளைச் சொருகிவிட்டு ஒவ்வொன்றையும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். கணவன் இல்லை. மகள் ஊர்ப்பக்கம் கான்தோவில் நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். மகள் படித்து முடிக்கும்வரை தான் இங்கே நின்றுவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்குக் கணக்கு. அவள் பெயரைச் சொல்ல வராமல் தொழிற்சாலையில் எல்லோரும் 'ஆ-ஹுவா' என்று கூப்பிட்டார்கள். ருய்லான் மட்டும் ஹுவே என்றாள். ருய்லானை அவளும் மற்றவர்களைப்போல 'லான் அக்கா' என்பாள்.

லாரி வந்து நின்றபோது பச்சைப் பொட்டலம் ஒன்று குறைந்தது. ஓடிப்போய் வாங்கி வா என்று ஹுவேயை முக்குக்கடைக்கு விரட்டினார்கள். லின்கோவில் எல்லாத் தொழிற்சாலையும் அந்தக் கடையில்தான் வாங்கும், பச்சை தீர்ந்திருந்தது. அவள் ஒரு மஞ்சள் பொட்டலத்தோடு திரும்பி வந்தாள். வேறு வழியில்லை என்று வாங்கியதில்லை அது, ஆசையோடு வாங்கியது.

"அக்கா, பச்சை இல்ல. ஆனா மஞ்சள் இன்னும் நல்லது. எங்க ஊர்ல வருசப் பிறப்புக்கு வீட்டு வாசல்ல மஞ்சப் பூதான் வைப்போம். வருசம் பூரா அதிர்ஷ்டம்."

பக்கத்தில் நின்ற பையன்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ருய்லானுக்கு எரிச்சல் வந்தது. ஹுவேயின்மேல் இல்லை; அந்தச் சிரிப்பின்மேல். கண்ணை மூடிக்கொள்ளும் காவல்காரனை உள்ளே வைத்து அனுப்புகிறோம், இதில் பொரிப் பொட்டலத்தின் நிறம் பெரிதாகப் போயிற்றா?

"பச்சையா இருந்தா என்ன, மஞ்சளா இருந்தா என்ன. உள்ள சோளப்பொரிதானே. நீ கட்டு" என்றாள்.

ஹுவே கட்டினாள். வழக்கப்படி கதவைத் திறந்து வைத்து முன்னும் பின்னும் படம் எடுத்தார்கள். கடைசி ரேக் லாரி ஏறியது.

சில வாரங்களில் செய்தி வந்தது. வாடிக்கையாளரின் கூடத்தில் இரண்டு ரேக்குகள் பின்பக்கம் வெந்து புகைந்திருந்தன. அதில் ஒன்று அந்தக் கடைசி ரேக். தீயணைப்புத் தண்ணீர் பாய்ந்து அக்கம்பக்கத்து ரேக்குகளும் பாழ். ஆள் சேதம் இல்லை. காரணம் என்ன என்று ருய்லான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

தொழிற்சாலைக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அன்று மத்தியானத்துக்குள் அந்தப் படம் எல்லோருடைய கைப்பேசியிலும் சுற்றியது. திறந்த கதவு, மஞ்சள் பொட்டலம். 'மஞ்சள் விளக்கை வீட்டுக்கே அனுப்பி வைத்த மகராசி' என்று ஒருவன் எழுதினான். பொட்டலத்துக்குக் கண், வாய் வரைந்து நெருப்பு கக்குகிறமாதிரி ஒரு பொம்மை செய்தான் இன்னொருவன். நல்ல நகைச்சுவைதான். சாப்பாட்டுக் கூடத்தில் ஹுவே தட்டோடு வந்தால், "ஏய், மஞ்சக் குழம்புகிட்ட அவளை விடாதீங்கப்பா" என்றார்கள். அவளும் என்னவென்று புரியாமல் கூடச் சிரித்தாள்.

ஒரு வாரத்தில் சிரிப்பு கெட்டிப்பட்டது. அது எப்படி நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அநியாயம் எல்லா ஊரிலும் இந்த வழியாகத்தான் நடந்து போகிறது. மஞ்சள் பொட்டலத்தால் தீப்பிடித்தது என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். காவ் கூட்டத்தில் கேட்டது வேறு: "பொட்டலம் பச்சையா இருக்கணும்கிறது சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச விஷயம். அதைக்கூட ஒழுங்கா செய்யாத ஆளு, விசிறிக் கனெக்டரை ஒழுங்கா சொருகியிருப்பாள்னு என்ன நிச்சயம்?" தலைகள் ஆடின. மூடநம்பிக்கை கோட்டும் டையும் கட்டிக்கொண்டு தரக்கட்டுப்பாடாக வந்து உட்கார்ந்தது. விசாரணை அறிக்கை தயாரானது: பணியாளர் வேலை முறையைப் பின்பற்றாத பழக்கம் உடையவர், விசிறி இணைப்பு சரியாகப் பொருந்தாமல் இருந்திருக்கலாம், பணியாளர் நீக்கப்படுகிறார்.

தப்புச் சுமத்தி நீக்கினால் ஹுவேக்கு, ஆலை மூடியபோது கிடைத்ததுபோல், வேறு தொழிற்சாலை கிடைக்காது. தரகர் அவளை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவார். அதோடு மகளின் படிப்பும் நிற்கும்.

ருய்லான் காவின் அறைக்குப் போனாள். இந்த முறை கூப்பிடாமலே போனாள்.

"எரிஞ்சது ரெண்டு ரேக். ஒண்ணுல மஞ்சள் தொங்குச்சு. இன்னொண்ணுல என்ன தொங்குச்சுன்னு பாத்தீங்களா?"

காவ் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"பச்சை. தேதிகூட தாண்டாத பச்சை. அந்த ரேக்கை ஹுவே தொடவே இல்ல. அந்தப் படத்தை மட்டும் ஏன் யாரும் அனுப்பல?"

"பக்கத்துல இருந்ததால அதுவும் பத்திக்கிச்சு."

"நடுவுல நாலு ரேக் இருக்கு. நெருப்பு தாண்டிக் குதிச்சுப் போச்சா?"

காவ் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது; ருய்லானின் அம்மா செத்தபோது ஷின்பூவரை வந்து கடைசிவரை நின்றவர். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். நீ சொல்வது சரி, ஃபர்ம்வேர்தான், எனக்கும் தெரியும் என்றார். அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப அறிக்கையை மாத்துங்க."

"மாத்துறேன். யார் பேரைப் போடட்டும்? பழைய ஃபர்ம்வேரை ஏத்தினது யாரு? உன் கை. நான் சொன்னேன்னு எங்க எழுதியிருக்கு? சரி, என் பேரையே போடு. மொத்தக் குழுவும் வீட்டுக்குப் போகும், முப்பது குடும்பம். அவ வெளிநாட்டுக்காரி ருய்லான். இன்னிக்கு இல்லன்னா என்னிக்காவது திரும்பிப் போகவேண்டியவதான்."

முப்பது குடும்பம் என்ற கணக்கை அவர் நெஞ்சில் கை வைத்துத்தான் சொன்னார். முப்பத்தொன்றாவது குடும்பம் வியட்நாமில் மெகோங் ஆற்றங்கரையில் இருந்ததால் அந்தக் கணக்கில் வரவில்லை.

அவள் பேசிப் பயனில்லை என்று வெளியே வந்தாள். வாடிக்கையாளரின் ஆள் நேரில் வரப்போகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஃபர்ம்வேர் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஒருவர் வேண்டும் என்பதால் அவளும் கூட்டத்தில் இருக்க வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று காவ் சொல்லி அனுப்பினார். அவள் சரி என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சரியை அவள் பொய்யாகச் சொன்னாள்.

ஹுவேயிடம் இதைச் சொல்லப் போனாள். தங்கும் விடுதியின் துணி காயப்போடும் இடத்தில் இருவரும் நின்றார்கள். அந்த வியட்நாம்காரிக்கு இதற்குள் எல்லாம் புரிந்திருந்தது. மஞ்சள் ஆகாது என்று யாரோ சொல்லிக்கொடுத்து, அதையும் தெரிந்துகொண்டிருந்தாள். கோபத்தோடு இருந்தாள்.

"நீங்கதானே கட்டச் சொன்னீங்க அக்கா? ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"ஆகாதுங்கிறது சும்மா கதை. பொட்டலத்தால ஒண்ணும் ஆகல."

"கதைதான். எனக்கும் தெரியுது. ஆனா கதையை மீறினா யாரை அடிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

ஹுவே சொன்னது சரி. பகுத்தறிவு பேசுகிறவளுக்கு நாற்காலி இருந்தது, குடியுரிமை இருந்தது, பட்டம் இருந்தது. அந்தப் பேச்சைக் கேட்டுக் கையை நீட்டிக் கட்டியவளுக்கு எதுவும் இல்லை. வீண் சடங்கை உதறுவது தனக்கு ஒரு செலவும் இல்லாத வீரம் என்பது ருய்லானுக்கு அந்தத் துணிக்கொடிக்குக் கீழேதான் உறைத்தது. கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அமெரிக்கர் கேட்டால் அறிக்கை மாறித்தான் ஆக வேண்டும் என்றாள். ஹுவே ஈரத்துணியை உதறிக்கொண்டே, "சொல்லுங்க. நான் பெட்டி கட்டாம இருக்கேன்" என்றாள்.

மெக்ரே என்ற அந்த அமெரிக்கர் நிதானமான மனிதர். மெல்லிய குரல். ஊலாங் தேநீரை ரசித்துக் குடித்தார். காவ் அறிக்கையைப் படித்து முடித்ததும், ஃபர்ம்வேர் பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று மெக்ரே வழக்கமான கேள்வி ஒன்றைக் கேட்டார். ருய்லான் எழுந்து நின்றாள். உட்கார்ந்தே பேசியிருக்கலாம், அவள் எழுந்தாள். உணரி பதில் சொல்லாதது, பூஜ்யம், விசிறி ஓய்வது, தான் எழுதிய மாற்றம், அது எல்லையைத் தாண்டியது, பழையது திரும்ப ஏறியது, ஏற்றியது தன் கை, ஏற்றச் சொன்னது யார் என்பது வரை ஒன்றையும் விடாமல் சொன்னாள். ஹுவே கம்பிகளைச் சரியாகத்தான் சொருகினாள், இரண்டாவது ரேக்கை அவள் தொடவே இல்லை என்று சொல்லி முடித்தாள். காவ் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்ரே கோப்பையைக் கீழே வைத்தார். ரொம்ப நன்றி, தெளிவாகச் சொன்னீர்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்றார். எங்கள் பொறியாளர்களும் ஃபர்ம்வேரைத்தான் சந்தேகப்படுகிறார்கள் என்றார். ருய்லானுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்து மலர்ந்தது. அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"ஆனா பாருங்க," என்றார் மெக்ரே, "அந்த மின்சார எல்லையைப் போட்டது நாங்க. இது அறிக்கையில வந்தா, ஏன் அவ்வளவு இறுக்கினீங்கன்னு எங்க வக்கீலுங்க கேட்பாங்க, ஏன் சொல்லலன்னு உங்க வக்கீலுங்களைக் கேட்பாங்க, காப்பீட்டுக்காரங்க ரெண்டு பேரையும் கேட்பாங்க. கனெக்டர் சரியா உட்காரலன்னா ஒரே பக்கத்துல முடிஞ்சிடும். அடுத்த அப்டேட்ல உங்க மாற்றத்தைச் சேர்த்து அனுப்பிடுங்க. எல்லைக்கு நாங்க ஒரு வழி பண்ணிக்கிறோம்."

"அந்தப் பொண்ணு?" என்றாள் ருய்லான்.

அது உங்கள் நிறுவனத்தின் உள்விஷயம், அதில் நாங்கள் தலையிடுவது முறையாக இருக்காது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்த வாரமே புதிய ஃபர்ம்வேர் போனது. ருய்லானே அனுப்பினாள். கடல் கடந்து எல்லா ரேக்குகளிலும் ஏறியது. அதோடு போகும் குறிப்பில், 'விசிறி ஒலியில் மேம்பாடு' என்று எழுதும்படி மேலேயிருந்து வந்தது. விசிறி இனி முன்பைவிட அதிகமாகக் கத்தும் என்பதுதான் உண்மை. தொழிற்சாலைக்குள்ளே திருத்த நடவடிக்கை என்று ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள்: இனிமேல் பொட்டலங்களை நிறுவனமே மொத்தமாக வாங்கும், நிறமும் தேதியும் சரிபார்த்த பிறகே கட்ட வேண்டும், சரிபார்க்கும் பொறுப்பு பெங் ருய்லான். அவள் காகிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். மறுநாள் வேறு பெயர் போட்டு ஒட்டினார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காவ் நடைபாதையில் பார்த்தால் முன்போலவே நலம் விசாரித்தார். அது இன்னும் மோசம்.

ஹுவே கிளம்பிய காலையில் தரகரின் வேன் விடுதி வாசலில் நின்றது. வண்டியை ஓட்டி வந்தவனுக்கு வியட்நாம் மொழி தெரியும்; நாளுக்கு இரண்டு மூன்று பேரை இப்படிக் கொண்டுபோய் விடுகிறவன். ருய்லான் வேலைக்குப் போகிற வழியில் அங்கே வந்தாள். பழம் கொஞ்சம் வாங்கி வந்திருந்தாள். ஹுவே வாங்கிக்கொள்ளவில்லை, கை நிறையப் பை இருந்தது.

"அக்கா, இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். "நான் வேலை ஒழுங்கா செஞ்சேன்னு. இவங்க ஆபீஸ்ல என் பேருக்கு எதிரே என்னமோ எழுதி வெச்சிருக்காங்களாம். மறுபடி எந்த ஊருக்கும் அனுப்ப மாட்டாங்களாம்."

ருய்லான் ஓட்டுநரிடம் சொன்னாள். நான் பொறியாளர், எரிந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும், இவள்மேல் ஒரு தப்பும் இல்லை, உங்கள் முதலாளியிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள் என்றாள். அவன் சிகரெட்டை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டான்.

"தெரியும்க்கா. இவங்க மேல தப்பு இல்லன்னு பார்த்தாலே தெரியுது" என்றான். பைகளைத் தூக்கிப் பின்னால் வைத்தான்.

காவ் ஒப்புக்கொண்டார். மெக்ரே ஒப்புக்கொண்டார். இப்போது இவனும் ஒப்புக்கொண்டான். மறுத்துப் பேச ஒரு ஆள் இருந்திருந்தால் அவனோடு மல்லுக்கட்டியிருப்பாள். உண்மைக்கு எதிராக இந்த ஊரில் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் அதைத் தலையாட்டி ஏற்றுக்கொண்டு, ஓரமாக வைத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

ஹுவே முன் இருக்கையில் ஏறிக் கண்ணாடியை இறக்கினாள். அழவில்லை.

"உங்க மேல கோபம் போயிடுச்சு" என்றாள். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க. நீங்க சொன்னதை எல்லாரும் நம்பவும் செஞ்சாங்க. அப்பவும் நான்தான் போறேன். இதை என் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறதுன்னுதான் தெரியல."

வேன் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பி இறங்கியது. லின்கோவிலிருந்து விமான நிலையம் ரொம்பப் பக்கம்; காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் விமானம் ஏறும் சத்தம் தொழிற்சாலைக்குள்ளேயே கேட்கும். அன்றைக்கு நாள் முழுக்க அது கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ருய்லானின் தலை நிமிர்ந்தது. எதில் ஹுவே போனாள் என்று கண்டுபிடிக்க வழியில்லை.